சுவர் மறைப்பது எதை?

சின்ன அறை. ஒரு சோபா, தரைவிரிப்பு, மடியில் நோட்டுப் புத்தகம், பொன்னிறக் கோப்பையில் மது. எதிரே நீல வெளிச்சம் கசியும் சுவர். அந்தப் பக்கம் இதே போன்ற அறையில் இன்னொருவர் உட்கார்ந்திருக்கிறார். குரல் வரும், முகம் தெரியாது. பத்து நாள் இப்படிப் பலரோடு பேசி, ஒருவரைத் தேர்ந்து, சுவரைப் பார்த்து மண்டியிட்டு ‘என்னைக் கல்யாணம் செய்துகொள்கிறாயா’ என்று கேட்க வேண்டும். சம்மதம் கிடைத்த பிறகுதான் இருவரும் நேரில் பார்த்துக்கொள்ளலாம். பிறகு சில நாள் உல்லாச விடுதி, அடுத்து ஒரே வீட்டில் குடித்தனம், ஏறக்குறைய நான்கு வாரத்தில் கல்யாண மேடை. அந்த மேடையில் உற்றார் உறவினர் முன்னால் ‘சரி’ என்றோ ‘மாட்டேன்’ என்றோ சொல்லியாக வேண்டும்.

2020 பிப்ரவரியில் நெட்ஃபிளிக்ஸில் தொடங்கிய ‘லவ் இஸ் பிளைண்ட்’ நிகழ்ச்சியின் அமைப்பு இது. கிறிஸ் கோலன் உருவாக்கியது. முதல் சீசன் அட்லாண்டாவில் நடந்தது. பிறகு சிகாகோ, டாலஸ், சியாட்டில் என்று அமெரிக்காவைச் சுற்றியது. பிரேசில், ஜப்பான், ஸ்வீடன், பிரிட்டன் பதிப்புகளும் வந்துவிட்டன. தொகுத்து வழங்கும் நிக் லஷே, வனெஸ்ஸா லஷே தம்பதி இதை நிகழ்ச்சி என்று சொல்வதைவிடப் ‘பரிசோதனை’ என்று சொல்வதே அதிகம். காதலுக்குக் கண் இல்லை என்பது நிஜமா என்று சோதிக்கிறார்களாம். பரிசோதனை என்று அவர்களே சொல்வதால், அந்த அளவுகோலை எடுத்தே அளந்து பார்க்கலாம்.

முகத்தை மறைத்து ஜோடி சேர்ப்பது ஒன்றும் புதிதல்ல. அமெரிக்காவில் 1965-லேயே ‘தி டேட்டிங் கேம்’ நிகழ்ச்சியில் தடுப்புக்கு அப்பால் உட்கார்ந்திருந்த மூவரிடம் கேள்வி கேட்டு ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2009-இல் இன்னொரு நிகழ்ச்சியில் இருட்டறையில் சந்திக்க வைத்தார்கள். 2021-இல் ‘செக்ஸி பீஸ்ட்ஸ்’ வந்தது. முகத்தில் விலங்கு வேடம் ஒட்டிக்கொண்டு டேட்டிங் போகும் கூத்து அது. வேடத்தைக் கழற்றினால் உள்ளே இருந்தவர்கள் எல்லோருமே விளம்பரப் படத்தில் நிற்கக்கூடிய அழகர்கள்! இவற்றில் கொஞ்சமாவது நேர்மையாக இருந்தது 2003-இல் வந்த ‘ஆவரேஜ் ஜோ’ என்பது என் எண்ணம். ஓர் அழகிக்கு முன்னால் சாதாரணத் தோற்றமுள்ள ஆண்களை நிறுத்தினார்கள். அவர்களுக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்த நேரத்தில், நடுவழியில் கட்டழகர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். கடைசியில் அந்தப் பெண் தேர்ந்தெடுத்தது ஒரு கட்டழகரைத்தான். குரூரமான நிகழ்ச்சி. ஆனால் விடையை ஒளிக்கவில்லை.

‘லவ் இஸ் பிளைண்ட்’டில் நல்லது இருக்கிறது. அது பேச்சு. பார்க்க எதுவும் இல்லாதபோது மனிதர்கள் வேறு வழியின்றிப் பேசுகிறார்கள். குழந்தை வேண்டுமா, எவ்வளவு கடன் இருக்கிறது, அப்பா ஏன் விட்டுப்போனார், எந்த மதம், எந்தக் கட்சி என்று மற்ற காதல்களில் ஆறு மாதம் கழித்துத் தயங்கித் தயங்கி வரும் கேள்விகள் இங்கே மூன்றாம் நாளே வருகின்றன. முதல் சீசனில் லாரன் ஸ்பீட் என்ற கறுப்பினப் பெண்ணும் கேமரன் ஹாமில்டன் என்ற வெள்ளையின ஆணும் இப்படித்தான் நெருங்கினார்கள். நிறம் என்ன என்பதை விழுங்கிவிடாமல், அது தங்கள் குடும்பத்தில் என்ன அர்த்தம் கொள்ளும் என்று பேசினார்கள். பெண்ணின் அப்பாவின் தயக்கமும் திரையில் வந்தது. அந்தக் கல்யாணம் நிலைத்தது. அதே சீசனில் இன்னொரு ஜோடியும் மணந்து சேர்ந்து வாழ்கிறது. நிகழ்ச்சியைப் பழிப்பவர்கள் இந்த ஜோடிகளை வசதியாக மறந்துவிடுகிறார்கள். கூடத்தில் பஜ்ஜி, சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டு மொட்டைமாடியில் பத்து நிமிடம் பேசிக் கல்யாணம் முடிவு செய்த தலைமுறைகளைக் கொண்ட நாம், பத்து நாள் முழுக்கப் பேசிய இவர்களைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஆனால் அந்தச் சுவர் உண்மையில் எதை மறைக்கிறது?

முதலில், அது நம்மிடமிருந்து எதையும் மறைப்பதில்லை. பார்வையாளருக்கு இரண்டு பக்கமும் தெரியும். அவள் எப்படி இருக்கிறாள், அவன் எப்படி இருக்கிறான், பார்த்துக்கொண்டால் யாருக்கு ஏமாற்றம் என்று நாம் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறோம். கதவு திறக்கும் காட்சியில் இசை உயர்வதும், கேமரா முகத்தை நெருங்கி ஏமாற்றத்தின் சின்ன நிழலைத் தேடுவதும் அந்தக் கணக்கை நம்பித்தான். தோற்றம் முக்கியமல்ல என்று சொல்லும் நிகழ்ச்சி, முழுக்க முழுக்கத் தோற்றத்தை நாம் எடைபோடும் பழக்கத்தில் ஓடுகிறது. தமிழ்ப் படத்திலும் இந்தத் தந்திரம் உண்டு. 1996-இல் அகத்தியன் எடுத்த ‘காதல் கோட்டை’யில் காதலர்கள் ஒருவரையொருவர் பார்க்காமலே கடிதத்தில் காதலித்தார்கள். நாமோ அஜித்தையும் தேவயானியையும் படம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு பந்தயம் கட்டினார்கள். நமக்குப் பந்தயத்தின் முடிவு முன்பே தெரியும்.

இரண்டாவது, பார்வையற்ற தேர்வுக்கு முன்னால் பார்வையுள்ள தேர்வு ஒன்று நடந்துவிடுகிறது. போட்டியாளர்களைப் பொறுக்கி எடுக்கும் குழுவுக்குக் கண் நன்றாகவே தெரியும். கடைசிவரை திரையில் நிற்கும் ஜோடிகளைப் பாருங்கள்: பெரும்பாலும் ஒல்லியான உடல், நேரான பல், நல்ல உடை. யாரைத் தேர்ந்தாலும் பெரிதாக இடிக்காத கூட்டத்துக்குள் கண்ணைக் கட்டிவிட்டு, பார்த்தீர்களா, அழகு தேவையில்லை என்று சொல்வது எப்படிப் பரிசோதனை ஆகும்?

மூன்றாவது, சுவரில் துளை போடப் போட்டியாளர்களுக்கே தெரியும். 2022-இல் வந்த இரண்டாம் சீசனில் ஷேக் என்கிற அபிஷேக் சாட்டர்ஜி என்ற கால்நடை மருத்துவர் சில பெண்களிடம் ஒரு கேள்வி கேட்டார்: இசை விழாவுக்குப் போனால் உன்னைத் தோளில் தூக்கிக்கொள்வது எனக்குச் சிரமமாக இருக்குமா? எடை என்ன என்று கேட்கக் கூடாது. ஆனால் எடையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு இந்தச் சுற்றுவழி. பிறகு அவர் தீப்தி வேம்பட்டியுடன் நிச்சயம் செய்துகொண்டார். இருவரும் இந்திய வம்சாவளியினர்; இருவருமே அதுவரை பெரும்பாலும் வெள்ளையரோடுதான் டேட்டிங் போனதாகச் சொன்னவர்கள். சுவர் இல்லையென்றால் இருவரும் ஒருவரையொருவர் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது அந்தக் கதையின் உயிர்நாடி. பார்த்த பிறகு, தீப்தியிடம் அன்பாகவும், மற்றவர்களிடம் ‘எனக்கு உடல் ஈர்ப்பு வரவில்லை’ என்றும் ஷேக் பேசிக்கொண்டிருந்தார். மேடையில் தீப்தி ‘மாட்டேன்’ என்று சொல்லி நடந்தபோது நாடே கைதட்டியது. ஈர்ப்பு வரவில்லை என்பது குற்றம் அல்ல, யாருக்கும் வரலாம் வராமலும் போகலாம். அதை ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டுச் சொல்ல வேண்டியவளிடம் மட்டும் சொல்லாமல் விட்டதுதான் அசிங்கம். நிகழ்ச்சி அந்த அசிங்கத்தைப் பல வாரம் விற்றது.

நான்காவதைச் சொல்லத்தான் எனக்குக் கோபம் வருகிறது. முகம் பார்த்த சில நாட்களிலேயே, எல்லா ஜோடிகளையும் நீச்சல் உடையில் ஒரே விருந்தில் கூட்டுகிறார்கள். ‘சுவரில் நான் வேண்டாம் என்று சொன்னவள் இப்படி இருப்பாளா’ என்று ஒப்பிடுவதற்காகவே அமைத்த விருந்து. மூன்றாம் சீசனில் ஓர் இளைஞன் தன் வருங்கால மனைவியிடமே, இன்னொரு பெண்ணுக்குப் பத்துக்குப் பத்து, உனக்கு ஒன்பது என்று மதிப்பெண் போட்டான். அவன் முட்டாள், சரி. ஆனால் பரீட்சைத் தாளை அச்சடித்து அவன் கையில் கொடுத்தது யார்?

தோற்றத்தைக் காதல் தாண்டுமா என்ற கேள்விக்கு உளவியலாளர்கள் ஓரளவு தெளிவான பதில் வைத்திருக்கிறார்கள். 1966-இல் எலைன் ஹாட்ஃபீல்டும் குழுவினரும் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 752 முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு நடன விழா நடத்தினார்கள். கணினி பொருத்தம் பார்த்து ஜோடி சேர்த்ததாகச் சொன்னார்கள். உண்மையில் சேர்த்தது குருட்டாம்போக்கில். நுழைவுச் சீட்டு கொடுத்த மேசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவரின் அழகுக்கும் ரகசியமாக மதிப்பெண் போட்டார்கள். மறுபடி சந்திக்க விருப்பமா என்ற கேள்விக்கான பதிலைத் தீர்மானித்தது அந்த மதிப்பெண்தான். அறிவும் குணமும் அன்றைய இரவு எதையும் மாற்றவில்லை.

முகத்தை மறைத்துப் பார்த்த சோதனையும் உண்டு, அதுவும் தொலைக்காட்சி இல்லாமல். 2013 ஜனவரி 15 அன்று ஓகேகியூபிட் என்ற டேட்டிங் தளம் ஏழு மணி நேரத்துக்கு எல்லோருடைய படங்களையும் நீக்கியது. முதல் செய்திக்குப் பதில் வருவது 44 சதவீதம் கூடியது, பேச்சு ஆழமானது. படங்கள் திரும்பியபோது 2,200 பேர் பேச்சின் நடுவில் இருந்தார்கள். அந்தப் பேச்சுகள் கரைந்துபோயின. முகம் தெரியாதபோது அந்த வெற்றிடத்தை மனம் தனக்குப் பிடித்த முகத்தால் நிரப்பிக்கொள்கிறது. எதிரே வருபவர் அந்தக் கற்பனை முகத்தோடு போட்டி போட வேண்டியிருக்கிறது. அழகானவரே வந்து நின்றாலும் சிலர் முகத்தில் ஏமாற்றம் தெரிவது இதனால்தான். அவர்கள் நினைத்தவர் இவர் அல்ல, அவ்வளவுதான்.

இதைவிட முக்கியமானது 2015-இல் லூசி ஹன்ட், பால் ஈஸ்ட்விக், ஈலை ஃபிங்கல் ஆகியோர் 167 ஜோடிகளை ஆராய்ந்து கண்டது. அறிமுகமான உடனே காதலிக்கத் தொடங்கிய ஜோடிகளில் இருவரும் ஏறக்குறைய ஒரே அளவு அழகு. ஆனால் ஒன்பது மாதத்துக்கும் மேலாக நண்பராகவோ சக ஊழியராகவோ பழகிவிட்டுக் காதலித்தவர்களிடம் அந்தப் பொருத்தம் வெகுவாகத் தளர்ந்திருந்தது. பார்த்துக்கொண்டே பழகப் பழக, ஊர் போடும் மதிப்பெண்ணும் நாம் போடும் மதிப்பெண்ணும் பிரிந்துபோகின்றன. தோற்றத்தைத் தாண்ட உதவுவது காலம். சுவர் எழுப்பிப் பார்வையை மறைத்தால் அந்த வேலை நடக்காது. பார்த்துத்தான் பழக வேண்டும்.

நிகழ்ச்சியில் இல்லாத ஒரே சரக்கு அந்தக் காலம்தான். பத்து நாள் மறைப்பு, நாலு வாரம் குடித்தனம், உடனே தாலி என்ற வேகத்துக்குக் காரணம் காதலின் இயல்பு அல்ல, படப்பிடிப்பின் செலவுக் கணக்கு. அந்தக் கணக்கின் மறுபக்கம் நீதிமன்றத்துக்கும் போனது. 2022-இல் இரண்டாம் சீசன் போட்டியாளர் ஒருவர், மது தாராளம், சாப்பாடும் தண்ணீரும் சம்பளமும் குறைவு என்று வழக்குத் தொடர்ந்தார். 2024-இல் ஏறக்குறைய 14 லட்சம் டாலருக்கு அது சமரசத்தில் முடிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்கத் தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்தின் மினியாபொலிஸ் அலுவலகம், போட்டியாளர்களை ஊழியர்களாகக் கருத வேண்டும் என்று தயாரிப்பு நிறுவனங்கள் மீது புகார் பதிந்தது. அந்தப் பொன்னிறக் கோப்பையை இதையெல்லாம் படித்த பிறகு பார்த்தால் வேறு மாதிரி தெரிகிறது. களைத்துப்போய், கொஞ்சம் போதையில், வெளியுலகத் தொடர்பு இல்லாமல் அடைந்து கிடக்கும் யாருக்கும் சுவருக்கு அப்பாலிருந்து வரும் அன்பான குரல் காதலாகத்தான் கேட்கும்.

நம் பக்கத்தில் 2018-இல் கலர்ஸ் தமிழில் வந்த ‘எங்க வீட்டு மாப்பிள்ளை’ இதற்கு நேர் எதிர்முனை. நடிகர் ஆர்யாவின் முகம் ஊரறிந்தது. அவரை மணக்க 16 பெண்கள் போட்டியிட்டு, கடைசியில் மூவர் நின்ற மேடையில் அவர் யாரையுமே தேர்ந்தெடுக்கவில்லை. அமெரிக்க நிகழ்ச்சியில் முகம் தெரியாமல் ‘சரி’ சொல்லிவிட்டு முகம் பார்த்துப் பின்வாங்கினார்கள். இங்கே முகம் தெரிந்தே வந்தவர்களைக் கடைசி நாள்வரை காக்க வைத்தார்கள். இரண்டிலும் மேடையில் நின்று அழுதவர்களில் பெண்களே அதிகம்.

ஆகவே லாரனும் கேமரனும் எதை நிரூபிக்கிறார்கள்? நிதானமாகப் பேசத் தெரிந்த, முகமும் லட்சணமான இருவர், கேள்விகளைத் தள்ளிப்போடாமல் கேட்டுக்கொண்டால் நன்றாக வாழ முடியும் என்பதை. அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் தோற்றத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. அழகு விஷயத்தில் அவர்கள் தாண்டுவதற்கு ஒரு தடையும் இருக்கவில்லை. அந்தக் கேள்வியை நிஜமாகவே கேட்க நினைக்கும் தயாரிப்பாளர், யாரும் திரும்பிப் பார்க்காத தோற்றமுள்ள நாலு பேரை முதலில் உள்ளே அனுமதித்து, கடைசி எபிசோடுவரை நம் கண்ணையும் கட்ட வேண்டியிருக்கும். அப்படியொரு சீசனுக்கு விளம்பர போஸ்டரில் யாருடைய முகத்தைப் போடுவார்கள் என்று தெரியவில்லை.