ஒருவர் வாயில் மட்டும் வாழும் மொழி

பிள்ளையிடம் அப்பா ஒரு மொழி, அம்மா ஒரு மொழி. மாற்றிப் பேசக் கூடாது. இருமொழிக் குடும்பங்கள் பல பின்பற்றும் இந்த முறைக்கு நூறு வயது தாண்டிவிட்டது. பிரெஞ்சு மொழியியலாளர் ஜூல் ரோன்ழா, ஜெர்மன் மனைவியோடு சேர்ந்து மகன் லூயியை இப்படி வளர்த்து, அந்த அனுபவத்தை 1913-இல் நூலாக்கினார்.

இதன் பலம் எளிமை. இந்த முகம் என்றால் இந்த மொழி என்று குழந்தைக்குப் பழகிவிடுகிறது. பெரியவருக்கும் இது கடிவாளம். நாள் முழுக்க ஊர்மொழியில் உழன்றுவிட்டு வீடு திரும்புகிறவர், அலுப்பில் அதிலேயே பேசிவிடாமல் பிடித்து நிறுத்துகிறது.

ஆனால் கேட்பது வேறு, பேசுவது வேறு. அமெரிக்காவில் இருக்கும் என் தங்கையின் கணவர் தமிழ் அறியாதவர். அவள் மகனிடம் தமிழ் மட்டுமே பேசுவாள். "செருப்ப மாட்டிக்கிட்டு வாசல்ல நில்லு" என்றால் நாலு வயதுப் பையன் அப்படியே செய்வான். பதில் மட்டும், "ஓகே மம்மி, ஐயாம் ரெடி." அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியும் என்பது அவனுக்குத் தெரியும். அப்புறம் எதற்கு மெனக்கெட வேண்டும்? அவனைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வெர்னர் லியோபோல்டும் இதைக் கண்டார். அமெரிக்காவில் மகள் ஹில்டகார்டிடம் ஜெர்மன் பேசி, அவள் பேச்சை 1939 முதல் 1949 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்டவர் அவர். வளர வளர அவள் ஆங்கிலத்துக்குச் சாய்ந்தாள். ஐந்து வயதில் ஜெர்மனிக்குப் போய்ச் சில மாதம் தங்கியபோதோ, சில வாரங்களிலேயே ஜெர்மன் சரளமாக வந்தது. விதி செய்யாததைத் தேவை செய்தது.

பெல்ஜியத்தின் டச்சு பேசும் பகுதியில் ஏறக்குறைய 1,900 குடும்பங்களை ஆராய்ந்து அனிக் டி ஹௌவர் 2007-இல் வெளியிட்ட முடிவும் விதி மட்டும் போதாது என்பதையே காட்டுகிறது. ஆளுக்கொரு மொழி பேசிய வீடுகளில் நான்கில் மூன்று பங்கில்தான் பிள்ளைகள் இரண்டையும் பேசினர். பெற்றோர் இருவருமே சிறுபான்மை மொழியை வீட்டில் பேசியபோது நிலைமை இன்னும் நன்றாக இருந்தது. தங்கையின் கணவர் நூறு தமிழ்ச் சொல் கற்றாலும் அந்த வீட்டில் காற்று மாறும் என்றே நினைக்கிறேன். இப்போதைக்குச் சாப்பாட்டு மேசையில் அம்மா பிள்ளையிடம் பேசுவது அவருக்குப் புரிவதில்லை. சுமை முழுக்க அவள் ஒருத்தி தலையில்.

விதியின் இன்னொரு குறை, அது எளிதில் காவல் வேலையாகிவிடுகிறது. "அம்மா, ஷூ எங்க?" என்று கலந்து பேசுவது குழப்பம் அல்ல, கையில் இருப்பதை வைத்துப் பேசுவது. ஒவ்வொரு சொல்லையும் திருத்தினால் பிள்ளை பேச வந்ததையே விழுங்கிவிடும்.

போன வருடம் திருநெல்வேலியிலிருந்து எங்கள் அம்மா தங்கை வீட்டில் மூன்று மாதம் போய் இருந்தார். ஆங்கிலம் அறவே தெரியாது. மூன்றாம் நாள் பையன் காலி டம்ளரோடு போய், "வாட்டர்" என்றானாம். "என்ன வேணும் ராசா?" கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். பிறகு, "ஆச்சி, தண்ணி தா."