பல்லாவரம் சந்தையும் யாழ்ப்பாணத்து ஒட்டும்

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குள் பல்லாவரம் சந்தைக்குப் போய்விட வேண்டும். ஒன்பதுக்கு மேல் போனால் கூட்டம்தான் மிஞ்சும்; உருப்படியான ஸ்பீக்கர் மேக்னெட்டெல்லாம் எடைக்குப் போயிருக்கும். பழைய டிரங்க் ரோடு நெடுக ஒரு பக்கம் புறாவும் முயலும், இன்னொரு பக்கம் பூச்செடி, நடுவே கோணி விரிப்பில் உடைந்த மிக்ஸி, கேசட் டெக், மூடியில்லாத பிரஷர் குக்கர். தலைக்கு மேலே மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம். அங்கேதான் ஒரு எட்டு அங்குல ஸ்பீக்கரை நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கினேன். அறுபதுகளின் சரக்கு. கோனில் இரண்டு கிழிசல், இரண்டுக்கும் ஒட்டு. ஒன்று வெள்ளைப் பசையைக் குழைத்து அப்பியது, காய்ந்து கட்டியாக நின்றது. மற்றது விரல் நகம் அகலத்துக்கு ஒரு பழைய துணி. பிசின் பழுப்பேறியிருந்தது, தடவினால் கைக்கே தட்டவில்லை.

இரண்டையும் பெயர்த்துவிட்டுப் புதுக் கோன் போடுவதாகத்தான் திட்டம். சேலையூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் அன்று மாடிக்கு வந்திருந்தார். இளவயதில் அங்கே ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தவர். வெளிச்சத்தில் கோனைத் திருப்பிப் பார்த்தார்.

“தம்பி, உந்தத் துணியிலை கை வைக்காதையும். ஒட்டினவன் வேலை தெரிஞ்ச ஆள். மற்றதை மட்டும் கழட்டும்.”

“இது உங்க ஊர் வேலையா ஐயா?”

“ஊர் ஆருக்குத் தெரியும். ஆனா எங்கட பக்கத்திலை இப்பிடித்தான் ஒட்டுவம்.”

அன்றிலிருந்து எங்களுக்குள் அதற்கு ‘யாழ்ப்பாணத்து ஒட்டு’ என்று பேர். அவர் சொன்னபடி துணியை விட்டுவிட்டு மற்றதை மட்டும் கழற்றினேன். அவர் சொன்னது சரி என்று புரிய எனக்குப் பல மாதம் பிடித்தது. அந்தப் பல மாதத்தின் கணக்குதான் இந்தக் கட்டுரை.

ஸ்பீக்கர் என்பது பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. காந்த இடுக்குக்குள் தொங்கும் ஒரு கம்பிச் சுருள். அதற்கு மெக்கானிக் பாஷையில் காயில். அதோடு ஒட்டிய காகிதக் கூம்பு, நடுவில் பிடித்துக்கொள்ள ஸ்பைடர், ஓரத்தில் மடிப்பு. 1925இல் அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்ற இருவர் காட்டிய இந்த அமைப்புதான் இன்றைக்கும். கூம்பின் எடை கிராம் கணக்கில். அதில் இரண்டு சொட்டுப் பசை கூடினாலும் காயில் அதையும் சேர்த்துத் தூக்க வேண்டும். சத்தம் குறையும், மேல் சுருதி மங்கும். ஆக, ஒட்டு விஷயத்தில் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: எடை எவ்வளவு?

அந்தக் கேள்வியை யார் கேட்டார்கள், யார் கேட்கவில்லை என்று அறிய வானொலியின் தொடக்கத்துக்கே போக வேண்டும். இலங்கையிலும் இங்கேயும் வானொலியே ஒரு பட்டறைப் பொழுதுபோக்காகத் தொடங்கியது என்பது பலருக்கு மறந்துவிட்டது. கொழும்பில் தந்தி அலுவலகத் தலைமைப் பொறியாளராக இருந்த எட்வர்ட் ஹார்ப்பர், பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் ரேடியோ உறுப்புகளை வைத்து 1923இல் சோதனை ஒலிபரப்பு நடத்தினார். 1925 டிசம்பரில் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. இங்கே சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியில் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் 1924 ஜூலை 31 அன்று பாட ஆரம்பித்தது. மூன்றே வருஷத்தில் பணமில்லாமல் மூடிக்கொண்டது. டிரான்ஸ்மிட்டர் மாநகராட்சி கைக்குப் போய், 1930இல் ஒலிபரப்பு மீண்டும் தொடங்கியது. மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி கட்டினார்கள். சென்னைக்காரன் ஸ்பீக்கரை முதலில் கேட்டது வீட்டுக்குள் அல்ல, கடற்கரை மணலில் உட்கார்ந்து.

பிறகு நாற்பது வருஷம் எங்கள் பெட்டிகளில் பேசியது பெரும்பாலும் இலங்கை. உலகப் போரின்போது மவுண்ட்பேட்டனின் படைத்தலைமைக்காக ஏக்கலவில் அமைக்கத் தொடங்கிய 100 கிலோவாட் சிற்றலை டிரான்ஸ்மிட்டர், போர் முடிந்தபின் ரேடியோ சிலோன் கைக்கு வந்தது. 1952இல் பி.வி. கேஸ்கர் அமைச்சரானபின் ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டுக்கு இடம் சுருங்கியது. கேட்பவர்கள் முள்ளைத் தெற்கே திருப்பினார்கள். 1957இல் விவித் பாரதி வந்தும் அந்தப் பழக்கம் விடவில்லை. தாம்பரத்து டீக்கடை வானொலியில் இலங்கை அறிவிப்பாளர்கள் மயில்வாகனனும் கே.எஸ். ராஜாவும் அப்துல் ஹமீதும் பேசினார்கள். எழும்பூரிலிருந்து தாம்பரம் வழியாக ஓடிய போட் மெயில் 1964 புயல் வரை தனுஷ்கோடிக்கும், பிறகு இராமேஸ்வரத்துக்கும் இலங்கைக் கப்பல் ஏறும் ஆட்களைச் சுமந்தது. குரல் வடக்கே வந்தது, ரயில் தெற்கே போனது.

இரண்டு நாடும் இறக்குமதியை இறுக்கிப் பிடித்த காலம் ஒன்று உண்டு. இலங்கையில் 1970 முதல் 1977 வரை அது உச்சம். உள்ளூரில் உபாலி விஜேவர்த்தன பூட்டிக் கொடுத்த ‘யூனிக்’ ரேடியோ பல வீடுகளில் இருந்தது. 1977இல் ஜே.ஆர். ஜெயவர்த்தன அரசு கதவைத் திறந்ததும் ஜப்பான் சாமான் வந்து குவிந்தது. கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு மின்னணுச் சாமானுக்குப் பேர்போனது. வால்வு ரேடியோக்களின் பெரிய காகித ஸ்பீக்கருக்கு அதன்பிறகு மதிப்பு இல்லை. இந்தியாவில் கதவு திறந்தது 1991இல். நடுவே 14 வருஷம். அந்தப் பதினாலு வருஷமும் இங்கே பர்மா பஜாரில் ஜப்பான் டூ-இன்-ஒன்னை ஏக்கத்தோடு பார்த்துவிட்டு, ரிச்சி தெருவில் கோனும் காயிலும் தனித்தனியாக வாங்கி வீட்டுப் பெட்டியைத் திருத்திக்கொண்டிருந்தோம். ரேடியோ வைத்திருக்கவே தபால் நிலையத்தில் வருஷா வருஷம் லைசென்ஸ் கட்டிய ஜனம் அதைச் சுலபத்தில் தூக்கிப் போடுமா? பல்லாவரத்தில் இன்னும் பிலிப்ஸும் மர்ஃபியும் புஷ்ஷும் கிடைப்பதற்குக் காரணம் ரசனை இல்லை, அந்த 14 வருஷம்.

ஆனால் கணக்கு அங்கே முடியவில்லை. 1990இல் போர் மறுபடி மூண்டபின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடைப் பட்டியலில் பேட்டரியும் இருந்தது. திறந்த சந்தை வந்து பதின்மூன்றே வருஷத்தில், வடக்குக்கு மட்டும் கதவு முன்னைவிட இறுக்கமாக மூடிக்கொண்டது. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, டைனமோவை டயரில் சாய்த்து, ஒருவர் கையால் பெடலைச் சுற்ற மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்ட கதையை அந்தத் தலைமுறையில் எவரைக் கேட்டாலும் சொல்வார். சைக்கிள் டைனமோ தருவது 6 வோல்ட், 3 வாட், அதுவும் மாறுமின்சாரம். டயோடு போட்டுத் திருப்பி, கண்டென்சரில் வடித்து ரேடியோவுக்குக் கொடுக்க வேண்டும்.

“எங்களுக்குப் பாட்டுக் கேக்க வேணும் எண்டில்லைத் தம்பி. பிபிசி தமிழோசை கேக்க வேணும். முழு ஒழுங்கைக்கும் கேக்க வேணும்.”

பெரியவர் இதைச் சொன்னபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. டிரான்சிஸ்டருக்குள் இருக்கும் மூன்று அங்குல ஸ்பீக்கர் வாங்குகிற கரண்டுக்குத் தருகிற சத்தம் கொஞ்சம். அதைக் கழற்றிவிட்டு, ஒதுக்கிப் போட்ட பழைய வால்வு ரேடியோவின் எட்டு அங்குல ஸ்பீக்கரைப் பொருத்தினால் அதே அரை வாட்டில் தெருவே கேட்கும். பெரிய, லேசான காகிதக் கூம்பு. அத்தனை திறன் அதற்கு. பரணில் கிடந்ததெல்லாம் அப்படித்தான் இறங்கியது. கிழிந்திருந்தால் ஒட்ட வேண்டும். ஒட்டு கனத்தால் பெடல் சுற்றுகிறவனுக்குக் கை வலிக்கும். வேட்டி ஓரத்தில் கிழித்த மெல்லிய துணி, தண்ணீராகக் கரைத்த வேப்பம்பிசின், அதுவும் கிழிசலின் பின்பக்கம் மட்டும். அங்கே லாகவம் என்பது கலை அல்ல, கரண்டு.

இங்கே 1991க்குப் பிறகு என்ன ஆனது? ஆம்ப்ளிஃபயர் மலிந்தது. ஐம்பது வாட், நூறு வாட் என்று பிளக்கைச் செருகினால் வந்துவிடும்போது கூம்பின் எடையை யார் பார்த்தார்கள்? கிழிந்தால் பசையை அப்பு, சத்தம் குறைந்தால் வால்யூமைத் திருகு. என் ஸ்பீக்கரில் இருந்த இரண்டு ஒட்டும் இரண்டு காலம் என்று இப்போது நினைக்கிறேன். துணி, சாமான் கிடைக்காத நாளில் இங்கேயே ஏதோ ஒரு குரோம்பேட்டை மெக்கானிக் போட்டது. பசைக் கட்டி, எல்லாம் கிடைத்தபின் வந்தது. ஊர் வித்தியாசம் என்று பெரியவரும் நானும் ஆரம்பித்தது பஞ்சத்தின் வித்தியாசமாகப் போய் நின்றது.

இலங்கைக் கையை ஒரேயடியாகப் புகழவும் மாட்டேன். ‘ஓடினால் காணும்’ என்ற தேவை நிறையப் பெட்டிகளை நாசமும் செய்திருக்கிறது. காயில் எரிந்தால் கையில் அகப்பட்ட கம்பியைச் சுற்றுவது. 16 ஓம் இருந்த இடத்தில் 4 ஓம் ஆகி, வெளியீட்டு டிரான்ஸ்பார்மர் வெந்துபோவது. பெரியவரே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொண்ட பாவங்கள் இவை. அதேபோல எழுபதுகளுக்குப் பின் வந்த ஃபோம் ஓரம் வைத்த ஸ்பீக்கர்களில் பழையதைக் காப்பாற்றும் பேச்சே வேண்டாம். நம் கடற்கரைக் காற்றின் ஈரத்தில் பாலியூரித்தேன் தானாகவே கரைந்து, தொட்டால் பிசுபிசுவென்று கரும்பொடியாகக் கையில் வரும். யாழ்ப்பாணமானாலும் ஊரப்பாக்கமானாலும் அதற்கு ஒரே விதி: சுரண்டி எறிந்துவிட்டுப் புது ஓரம்.

கூம்புக் குழாய் ஒலிபெருக்கிகளின் கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கே குழாய் கட்டுவது என்போம்; ஆடி மாதத்தில் கோவிலில் கூழ் வார்ப்பது அகுஜாக் குழாய் இல்லாமல் ஒரு காலத்தில் நடந்ததில்லை. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்ற விதியை இந்திய உச்ச நீதிமன்றம் 2005இல் உறுதிசெய்தது. வெலிகமப் பள்ளிவாசல் வழக்கில் இலங்கை உச்ச நீதிமன்றம் 2007இல் அதே நேரக் கட்டுப்பாட்டைச் சொன்னது. இரண்டு வருஷ இடைவெளியில் இரண்டு நாட்டுக் காதும் ஒரே முடிவுக்கு வந்ததில் எனக்கு வருத்தமில்லை. குழாய்கள் பல்லாவரத்தில் மலிவாகக் கிடைக்கின்றன. அவ்வளவுதான்.

எங்கள் வீட்டு மாடியில் ஞாயிறு மாலைகளில் இப்போது ஐந்தாறு பேர் கூடுகிறோம். தாம்பரம் மின்ரயில் பணிமனையில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் காயில் சுற்றுவதில் சூரர். ஒரு கல்லூரிப் பையன் சாவி கொடுக்கும் கடிகாரங்களோடு வருகிறான். இன்னொருவர் பழைய ஃபிலிம் கேமராவின் ஷட்டரைப் பிரித்து வைத்துக்கொண்டு மூச்சு விடாமல் உட்கார்ந்திருப்பார். காயிலைக் காந்த இடுக்கின் நடுவில் நிறுத்த நான் எக்ஸ்ரே ஃபிலிமை நறுக்கிச் சொருகுவேன். கேமராக்காரர் தன் வீணான நெகட்டிவ் சுருளைக் கொடுத்தார். அது இன்னும் மெல்லிசு, அளவு கச்சிதம். கடிகாரப் பையனிடமிருந்து இடுக்கியைப் பிடிக்கும் விதம் கற்றேன். பெரியவர் கற்றுத்தருவது வேறு மாதிரி. கடையில் நின்று பழகியவர் என்பதால் விளக்கமே சொல்லமாட்டார். தவறு செய்யும்போது மட்டும் “ம்ஹூம்” என்பார்.

போன மாதம் ஒரு பழைய ஆல்நிக்கோ மேக்னெட் ஸ்பீக்கரின் இடுக்கில் இரும்புத்தூள் அடைத்து, காயில் கரகரவென்று உரசியது. மேக்னெட்டைக் கழற்றிச் சுத்தம் செய்யப் போனேன். “ம்ஹூம்.” ஆல்நிக்கோவைச் சட்டத்திலிருந்து பிரித்தால் காந்த சக்தியில் ஒரு பங்கு போய்விடும், திரும்பப் பூட்டினாலும் வராது. ஒட்டும் நாடாவை மடித்து இடுக்கில் விட்டுவிட்டு எடுத்தோம், இருபது தடவை. தூள் அதில் ஒட்டி வந்தது.

எட்டு அங்குல ஸ்பீக்கர் இப்போது ஒரு மரப்பெட்டியில் பாடுகிறது. அப்பிய பசையைச் சுரண்டி, அந்த இடத்தில் டிஷ்யூத் தாளும் நீர்த்த பசையும் வைத்தேன். துணி ஒட்டு அப்படியே இருக்கிறது.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய பெட்டி இருந்தால் முதலில் பெரிய ஆம்ப்ளிஃபயரில் மாட்டிப் பார்க்காதீர்கள். மல்டிமீட்டரை வையுங்கள்: 8 ஓம் ஸ்பீக்கர் 6 அருகில் காட்டினால் காயில் உயிரோடு இருக்கிறது. ஒன்றரை வோல்ட் செல்லை ஒரு நொடி தொடுங்கள். ‘டக்’ என்று கூம்பு நகர வேண்டும். கிழிசல் இருந்தால் பின்பக்கத்தில் ஒட்டுங்கள், பசையில் பாதிக்குப் பாதி தண்ணீர். முன்னே எவனோ ஒட்டியது லேசாக இருந்தால் அதை விட்டுவிடுங்கள்.