பெயரை மறைத்தால் போதுமா? சிறார் மீதான குற்றச் செய்திகளும் ஊடக அறமும்

வன்முறைக் குற்றத்துக்கு ஆளான சிறுவர், சிறுமியரின் அடையாளத்தைக் காப்பது இந்திய ஊடகங்களின் சட்டக் கடமையாகும். தமிழ் நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் இன்று பொதுவாகக் குழந்தையின் பெயரைத் தவிர்க்கின்றன, முகத்தை மங்கலாக்குகின்றன. ஆனால் அதே செய்தியில் ஊர், வகுப்பு, தந்தையின் தொழில் ஆகியவை அடிக்கடி இடம்பெறுகின்றன. பெயர் மறைகிறது, குழந்தை மறைவதில்லை.

சட்டம் கூறுவது

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம் (போக்சோ), 2012-இன் 23ஆம் பிரிவு, குழந்தையின் பெயர், முகவரி, ஒளிப்படம், குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி ஆகியவற்றையும், அடையாளம் காட்டக்கூடிய வேறு எந்த விவரத்தையும் வெளியிடத் தடை செய்கிறது. மீறினால் 6 மாதம் முதல் 1 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். செய்தியாளருடன் வெளியீட்டாளரும் உரிமையாளரும் பொறுப்பாவர். குழந்தையின் நலனுக்கு உகந்தது என்று கருதினால் மட்டும் சிறப்பு நீதிமன்றம் விலக்கு அளிக்கலாம். பாலியல் குற்றம் அல்லாத பிற குற்றங்களில் பாதிக்கப்பட்ட சிறாருக்கும், சாட்சியான சிறாருக்கும் இளைஞர் நீதிச் சட்டம், 2015-இன் 74ஆம் பிரிவு இத்தகைய பாதுகாப்பைத் தருகிறது.

2018 டிசம்பரில் நிபுன் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம், மறைமுகமாகக்கூட அடையாளம் வெளிப்படக் கூடாது என்றும், பாதிக்கப்பட்டவர் இறந்துவிட்டாலும் இப்பாதுகாப்பு நீங்காது என்றும் தெளிவுபடுத்தியது.

யாரிடமிருந்து மறைப்பது?

இன்ன ஊராட்சியைச் சேர்ந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி, தந்தை தேநீர்க்கடை நடத்துபவர் என்று ஒரு செய்தி வருவதாகக் கொள்வோம். தொலைதூர நகரத்து வாசகருக்கு அந்த மாணவி யாரென்று தெரியாது. அந்த ஊராருக்கோ பெயரே தேவையில்லை. நாளை அவள் போக வேண்டிய பள்ளியும், தண்ணீர் பிடிக்கும் தெருவும், உறவினர் வீட்டுத் திருமணமும் அந்த ஊரில்தான் இருக்கின்றன. முன்பின் அறியாதவர்களிடமிருந்து மட்டும் அவளை மறைக்கும் செய்தி, அவளுக்கு எந்தப் பாதுகாப்பையும் தருவதில்லை.

ஓர் இதழ் ஊரையும் மற்றொன்று பள்ளியையும் வெளியிட்டால், இரண்டையும் படிப்பவருக்கு முழு விவரமும் கிடைத்துவிடும். குற்றம் சாட்டப்பட்டவர் தந்தையாகவோ தாய்மாமனாகவோ இருக்கும்போது சிக்கல் இன்னும் கூடுகிறது. அவருடைய பெயரையும் உறவுமுறையையும் சேர்த்து எழுதினாலே குழந்தை யாரென்று தெரிந்துவிடும். அங்கே பெயர், உறவு இரண்டில் ஒன்றையாவது விட்டுவிடுவதே முறை.

காணாமல் போன குழந்தையைத் தேடப் படம் வெளியிடுவது அவசியம். பின்னர் அது பாலியல் குற்றம் என்று தெரிய வந்தால், அந்தப் படத்தை இணையப் பக்கங்களிலிருந்தும் காணொளிகளிலிருந்தும் நீக்குவதும் அதே அளவுக்கு அவசியம். அன்றைய அச்சிதழ் மறுநாள் பழைய தாளாகிவிடும். இணையப் பதிவு அப்படியே கிடக்கும்.

சொற்களில் உள்ள தீங்கு

தமிழ் இதழ்களில் நெடுங்காலம் வழங்கிய ‘கற்பழிப்பு’ என்ற சொல், இழப்பையும் களங்கத்தையும் பாதிக்கப்பட்டவர் மீதே சுமத்தியது. ‘பாலியல் வன்கொடுமை’ என்ற சொல் பரவியது நல்ல மாற்றம். எனினும் ‘ஆசை வார்த்தை கூறி’, ‘உல்லாசமாக இருந்தார்’ போன்ற தொடர்கள் இன்னும் ஒழியவில்லை. 18 வயதுக்குக் குறைந்தவரின் சம்மதத்தைப் போக்சோ சட்டம் ஏற்பதில்லை. சிறுமிக்கு நேர்ந்த கொடுமையை உல்லாசம் என்று எழுதுவது குற்றவாளியின் பார்வையைச் செய்தியாக்குவதாகும்.

மறுதரப்பு வாதம்

முகமும் பெயரும் தெரிந்தால்தான் மக்கள் கொதித்தெழுவர், நீதி கிடைக்கும் என்பர் சிலர். 2018-இல் கதுவாவில் 8 வயதுச் சிறுமி கொல்லப்பட்ட வழக்கில் நாடெங்கும் எழுந்த சினம் உண்மையானது. ஆயினும் அச்சிறுமியின் அடையாளத்தை வெளியிட்ட ஊடக நிறுவனங்கள் தலா 10 லட்சம் ரூபாய் செலுத்துமாறு டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நல்ல நோக்கம் விலக்காகக் கொள்ளப்படவில்லை.

ஊடகங்களை மட்டும் குறை கூறுவதும் முழுமையாகாது. 2019-இல் பொள்ளாச்சி வழக்கில் பாதிக்கப்பட்ட கல்லூரி மாணவியின் பெயர் அரசாணையிலேயே இடம்பெற்றது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி வழக்கில் முதல் தகவல் அறிக்கையே வெளியில் கசிந்தது. இரு வழக்குகளிலும் 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு தமிழ்நாடு அரசுக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் அரசிடமிருந்து கசிந்தது என்பதற்காக அதை மறுபதிப்புச் செய்யும் உரிமை ஊடகத்துக்கு வந்துவிடாது.

மதிப்பீடு

குழந்தையின் சாட்சியத்தை 30 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். இயன்றவரை ஓராண்டுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்கிறது போக்சோ சட்டத்தின் 35ஆம் பிரிவு. அது நடந்ததா, இழப்பீடு கைக்கு வந்ததா, சாட்சிகள் மிரட்டப்பட்டார்களா என்று தொடர்ந்து எழுதக் குழந்தையின் பெயரோ பள்ளியோ தேவையில்லை. ஆயினும் கைது நடந்த நாளில் பக்கம் பக்கமாக வரும் செய்தி, வழக்கு விசாரணைக்கு வரும்போது பெரும்பாலும் நின்றுவிடுகிறது. நீதிக்காகவே விவரங்களை வெளியிடுகிறோம் என்ற வாதம் அங்கே வலுவிழக்கிறது.

அச்சேற்றுமுன் ஆசிரியர் குழு கேட்க வேண்டிய கேள்வி எளியது: இச்செய்தியை அந்தத் தெருவில் வசிப்பவர் படித்தால் குழந்தையை அடையாளம் காண்பாரா? ‘ஆம்’ என்றால் அந்த விவரத்தை நீக்கிவிட வேண்டும்.