சேவை என்றால் சம்பளம் கேட்கக் கூடாதா?

1961இல் ஏ. பீம்சிங் இயக்கிய ‘பாலும் பழமும்’ படத்தைப் பலரும் பாடல்களுக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதன் கதைதான் உறுத்துகிறது. சரோஜாதேவி நடித்த சாந்தி ஒரு நர்ஸ். புற்றுநோய் ஆராய்ச்சியில் இருக்கும் டாக்டர் ரவிக்கு (சிவாஜி கணேசன்) உதவியாக இருந்து, அவரையே மணக்கிறாள். தனக்குக் காசநோய் வந்ததும், கணவனின் ஆராய்ச்சி கெடக் கூடாதென்று வீட்டைவிட்டுப் போய்விடுகிறாள். அவள் இறந்துவிட்டதாக நம்பி அவர் இன்னொரு பெண்ணை மணக்கிறார், பிறகு பார்வையையும் இழக்கிறார். சாந்தி திரும்பி வருகிறாள், மனைவியாக அல்ல, அவரைக் கவனித்துக்கொள்ளும் நர்ஸாக.

நர்ஸ் மனைவியாகிறாள், மனைவி மறுபடி நர்ஸாகிறாள். படத்துக்கு இதில் சிக்கலே இல்லை, ஏனென்றால் அதன் பார்வையில் இரண்டும் ஒரே வேலை. டியூட்டி எத்தனை மணி நேரம், சம்பளம் எவ்வளவு என்பதெல்லாம் கதையை நகர்த்தும் கேள்விகள் அல்ல. அன்பு இருக்கும் இடத்தில் கணக்கு எதற்கு என்பதுதான் அதன் தர்மம்.

படம் பழசு, தர்மம் பழசாகவில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய மண்ணூர்பேட்டையில் வசிக்கும் நான் அதைத் தினமும் பார்க்கிறேன். எங்கள் தெருவில் ஒரு அக்கா பதினைந்து வருடம் எக்ஸ்போர்ட் கம்பெனியில் டெய்லராக இருந்தார். நாற்பதைத் தாண்டியதும் கழுத்துவலி, டார்கெட்டை எட்ட முடியவில்லை. வேலையை விட்டுவிட்டு, மூன்று மாதப் பயிற்சி முடித்து, ஒரு ஏஜென்சி மூலம் அண்ணாநகரில் ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் போகிறார். பன்னிரண்டு மணி நேர டியூட்டி. வேலை செய்யும் பகுதியில் வாடகை கொடுத்துக் குடியிருக்க முடியாது. இங்கே ஒற்றை ரூமில் இருந்துகொண்டு பஸ்ஸில் போய்வருகிறார்.

“கம்பெனியில திட்டுவாங்க, ஆனா பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிச்சாங்க. இங்க ‘உங்க அம்மாவா நெனச்சுப் பாத்துக்கம்மா’ன்னு சொல்றாங்க. ரெண்டு நாள் லீவு கேட்டா ஆள மாத்திடுறாங்க” என்றார்.

தையல் மிஷினிலிருந்து நோயாளியின் கட்டிலுக்கு மாறியதில் அவர் இழந்தது ‘தொழிலாளி’ என்ற பெயரை. அந்தப் பெயரோடு சேர்ந்து சட்டமும் போய்விட்டது.

ஏஜென்சிகள் மட்டும்தான் இப்படி என்று சொல்லிவிட முடியாது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்டது. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் மாத்திரைகள் வீடு தேடி வருவது நல்ல திட்டம். 2024இல் அதற்கு ஐ.நா. விருதும் கிடைத்தது. அந்த மாத்திரைகளை வாசல் வாசலாகக் கொண்டுபோகிற சுய உதவிக் குழுப் பெண்களின் பதவிப் பெயர் என்ன? பெண் சுகாதாரத் தன்னார்வலர். அவர்கள் கைக்கு வரும் பணத்தின் பெயர் ஊக்கத்தொகை. மாதக் கடைசியில் அந்தப் பணத்தை எதிர்பார்த்து அரிசி வாங்கும் பெண்ணை எப்படித் தன்னார்வலர் என்று அழைப்பது?

சொல்தானே, அதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். 2022 ஏப்ரல் 25 அன்று உச்ச நீதிமன்றம் குஜராத் வழக்கு ஒன்றில் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று தீர்ப்பளித்தது. ‘மதிப்பூதியம்’ என்று பெயர் வைத்தாலும் சட்டத்தின் பார்வையில் அது ஊதியமே என்று ஏற்றுக்கொண்டது. சொல்லில் ஒன்றும் இல்லையென்றால் அதற்காக அந்தப் பெண்கள் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்க வேண்டியதில்லை. அதற்கடுத்த மாதமே உலக சுகாதார நிறுவனம் இந்தியாவின் ஆஷா பணியாளர்களை உலக சுகாதாரத் தலைவர்கள் என்று கௌரவித்தது. உலக மேடையில் தலைவர்கள், ஊரில் ஊக்கத்தொகை வாங்கும் தன்னார்வலர்கள்.

பெண்களுக்குப் பராமரிப்பு இயல்பாகவே வரும் என்ற நம்பிக்கைதான் இந்த மலிவுக்கு அடித்தளம். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் படுக்கைப்புண் வரும். மூக்குக் குழாய் வழியாக உணவு கொடுக்கும்போது தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் உணவு நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு. கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தூக்கி உட்காரவைப்பதிலும் முறை இருக்கிறது, தவறினால் இருவருக்கும் அடிபடும். இவற்றில் எதுவும் தாய்ப்பாலோடு வருவதில்லை. பிறர் சொல்லிக்கொடுத்து, செய்து பழகி, உடம்பு நொந்து கற்பது. மிஷினில் காலர் தைப்பதைப் போலவே இதுவும் கைத்திறன்தான்.

எங்கள் தெரு அக்காவுக்கு அந்த அம்மாவின் மேல் பாசம் உண்டு. சம்பளம் கேட்டால் அந்தப் பாசம் குறைந்துவிடாது. டாக்டர் ஃபீஸ் வாங்குவதால் அவருடைய அக்கறையை யாரும் சந்தேகிப்பதில்லை. அந்த மரியாதையைத்தான் கேட்கிறோம்: நியமனக் கடிதம், வேலை நேரம், வார விடுமுறை, பி.எஃப்., இ.எஸ்.ஐ. ‘சேவை’ என்று யாராவது புகழத் தொடங்கும்போது, முதலில் இந்த ஐந்தும் இருக்கிறதா என்று கேட்போம்.