சுத்தமாகிவிட்டது என்று யார் சொல்வது?

2023 டிசம்பர் முதல் வாரத்தில், மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு சென்னை பெட்ரோலியம் நிறுவனத்தின் மணலி ஆலைப் பகுதியிலிருந்து வெளியேறிய எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் பரவியது. அடுத்த நாட்களில் நாளிதழ்களில் வந்த படங்கள் பலருக்கும் நினைவிருக்கும். கையுறைகூட இல்லாமல், வீட்டுப் பிளாஸ்டிக் மக்காலும் வாளியாலும் கறுப்பு எண்ணெயை அள்ளி டிரம்மில் ஊற்றும் மீனவர்கள். 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோதும் இதே வாளிதான். நடுவில் கழிந்த ஏறக்குறைய ஏழு ஆண்டுகளில் வாளி மாறவில்லை.

அந்தப் படங்கள் உண்மையானவை. அரசையும் ஆலையையும் வெட்கப்பட வைத்தவை. ஆனால் ஒரு படம் எதைக் காட்டுகிறது என்பதோடு எங்கே முடிகிறது என்பதையும் பார்க்க வேண்டும். எண்ணெய் அள்ளிய ஆள் மாலையில் வீட்டுக்கு வருகிறார். அவருடைய லுங்கியும் சட்டையும் எண்ணெயில் ஊறியிருக்கின்றன. வெள்ளம் புகுந்த வீட்டின் சுவரிலும் பாத்திரத்திலும் அதே எண்ணெய்தான். அதையெல்லாம் தேய்த்துக் கழுவிய கைகள் எந்தப் படத்திலும் இல்லை. ஆற்றில் நடந்தால் அது ‘எண்ணெய் அகற்றும் பணி’. அதற்குக் கூலி உண்டு, கண்காணிப்பு உண்டு, பசுமைத் தீர்ப்பாயம் விதிக்கும் கெடு உண்டு. வாசற்படிக்கு உள்ளே வந்துவிட்டால் அது வீட்டு வேலை.

படத்தைவிடக் கூர்மையாக வாசிக்க வேண்டிய பிரதி ஒன்று இருக்கிறது. தமிழ்நாடு அரசு அறிவித்த நிவாரணம் அது. பாதிக்கப்பட்ட 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய். 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய். மேலும் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய். மொத்தம் சுமார் 8.68 கோடி. இதில் வரும் எண்ணும் அலகுகள் இரண்டே: குடும்பம், படகு. உழைக்கும் ஆள் என்ற அலகு இல்லை. படகு வைத்திருப்பவருடைய இழப்பு குடும்பத்துக்குள்ளும் எண்ணப்படுகிறது, தனியாகவும் எண்ணப்படுகிறது. கூடை வைத்திருப்பவளின் இழப்பு குடும்பத்துக்குள் கரைந்துபோகிறது. ஏலத்தில் மீன் எடுத்து, தலையில் சுமந்தோ பஸ்ஸிலோ ஷேர் ஆட்டோவிலோ கொண்டுபோய் விற்கும் பெண், வட்டிக்கு வாங்கிய முதலை அன்றன்று திருப்பிக் கட்டுகிறவள். எண்ணூரில் எண்ணெய் என்ற செய்தி வந்ததும், வடக்கே பழவேற்காட்டு மீனையும் முகர்ந்து பார்த்துவிட்டு வாங்காமல் நகர்கிறார்கள் வாடிக்கையாளர்கள். அந்தச் சந்தேகத்துக்கு எந்த நிவாரணப் பட்டியலிலும் வரிசை எண் கிடையாது.

அரசுக்கு இந்தப் பெண்களைத் தெரியாது என்று சொல்ல முடியாது. மீனவ மகளிர் கூட்டுறவு சங்கங்கள் இருக்கின்றன. மீனவ மகளிருக்கென்று சேமிப்பு நிவாரணத் திட்டம் இருக்கிறது; அதற்குப் பெண்கள் தங்கள் பங்குப் பணத்தைக் கட்டுகிறார்கள். சேமிக்கச் சொல்லும்போது தனி ஆளாகத் தெரிகிறவள், இழப்பைக் கணக்கிடும்போது குடும்பத்தில் ஒருத்தியாகிவிடுகிறாள். இதை மறதி என்று எடுத்துக்கொள்ள முடியவில்லை. கணக்கே அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது.

பழியை அரசின் மீது மட்டும் போட்டுவிட்டு ஊரைப் புனிதமாக்கிவிடவும் கூடாது. பழவேற்காடு ஏரியின் பாடு முறையை ஆய்வாளர்கள் பலர் பாராட்டியிருக்கிறார்கள். யார், எந்த இடத்தில், எந்த முறையில் வலை போடலாம் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. பொதுச் சொத்தைச் சண்டையில்லாமல் காக்கும் முறைக்கு நல்ல உதாரணம்தான். ஆனால் பாட்டில் பங்கு உரிமை பெறுவது பட்டினவர் சமூகத்து ஆண். பெண்களுக்கு அதில் இடமில்லை; ஏரியை நம்பி வாழும் தலித் மீனவர்களும் இருளர்களும் அந்த வட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள். ஊர் வரிக்குத் தலைக்கட்டு, நிவாரணத்துக்குக் குடும்பம். பெயர் வேறு, உள்ளே இருப்பது ஒன்றுதான். அதனால்தான் அரசின் பட்டியலும் ஊரின் பட்டியலும் உரசாமல் பொருந்திப் போகின்றன.

வேலை நடக்கும் இடத்தைப் பார்த்தால் இந்தப் பொருத்தத்தின் விளைவு புரியும். படகு மிதப்பது நீரின் மேல். இருளர் பெண்களும் ஆண்களும் இறால் பிடிப்பது இடுப்பளவு நீரில், வலையில்லாமல், சேற்றைத் தடவித் தடவி வெறுங்கையால். நண்டும் மட்டியும் அந்தச் சேற்றில்தான். எண்ணெய் மிதக்கும்வரை எல்லோர் கண்ணிலும் படுகிறது. பிறகு மண்ணோடும் சருகோடும் ஒட்டிக் கனத்து அடியில் இறங்குகிறது. கண்டல் செடிகளின் வேர்களில் பிடித்துக்கொள்கிறது. நீரின் முகம் தெளிந்த நாளில் சுத்தமாகிவிட்டது என்கிறார்கள். படகுக்காரருக்கு அது ஓரளவு உண்மையாகவும் இருக்கலாம். சேற்றில் கைவிடுகிறவளுக்கு அந்த நாளில் ஆபத்து கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கிறது, அவ்வளவே. அனல்மின் நிலையக் குழாய்களிலிருந்து கசிந்த சாம்பல் ஏற்கெனவே கழிமுகத்தின் அடியில் படிந்து ஆழத்தைக் குறைத்திருக்கிறது; எண்ணெய் அதன் மேல் வந்து சேர்ந்தது.

சுத்தம் என்பதற்கு அளவு வைப்பது யார் என்ற கேள்வி எண்ணூரோடு நிற்பதில்லை. படைகள் விட்டுப்போன நிலங்களில் அது இன்னும் அப்பட்டமாகத் தெரியும். பழவேற்காடும் ஒரு காலத்தில் படைத்தளம்தான். 1613இல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். இங்கே தயாரான வெடிமருந்து கடல் கடந்து போனது. இன்று சுற்றுலாப் பயணிகள் பார்த்துப் போவது அவர்களுடைய கல்லறைகளை. வெடிமருந்துக் கூடத்தில் வேலை செய்தவர்களுக்குக் கல்லறை இல்லை.

நம் காலத்துக்கு வருவோம். கரீபியன் கடலில் பியூர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த வியேக்கஸ் தீவை அமெரிக்கக் கடற்படை சுமார் அறுபது ஆண்டுகள் குண்டுவீச்சுப் பயிற்சிக்குப் பயன்படுத்தியது. மீனவர்கள் 1970களின் கடைசியிலேயே படகுகளோடு எதிர்த்து நின்றார்கள். 1999 ஏப்ரலில் தவறி விழுந்த குண்டுக்கு உள்ளூர்க் காவலாளி ஒருவர் பலியானதும் தீவே எழுந்தது. பெண்கள் தனி அமைப்பாகத் திரண்டார்கள். 2003 மே 1 அன்று கடற்படை வெளியேறியது. ஆனால் குண்டு விழுந்த நிலம் மக்களிடம் வரவில்லை. வனவிலங்குச் சரணாலயம் என்று அறிவிக்கப்பட்டது. மனிதர் வாழாத இடம் என்று எழுதிவிட்டால், எவ்வளவு சுத்தம் போதும் என்ற அளவும் தளர்ந்துவிடுகிறது என்று போராடியவர்கள் குற்றம் சாட்டினார்கள். கொடைக்கானலில், 2001இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையின் மண்ணுக்கும் இதே வாதம் நடந்தது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்ற அளவை, அந்த நிறுவனத்தின் தாய்நாடான பிரிட்டனில் ஏற்பார்களா என்று சூழல் ஆர்வலர்கள் கேட்டார்கள். அந்த இடத்தை யார் பயன்படுத்துகிறார்கள் என்பதை முதலில் எழுதுகிறார்கள்; அளவு அதைப் பின்தொடர்கிறது. சேற்றில் இறால் தடவும் பெண் அந்த முதல் வரியில் இல்லையென்றால், பின்னால் வரும் எந்த எண்ணும் அவளைக் காப்பாற்றாது.

தமிழ்ப் பெண்களே சுத்தம் செய்த இன்னொரு நிலம் வன்னி. 2009இல் போர் முடிந்த பிறகு, முகமாலை போன்ற முன்னரங்கப் பகுதிகளில் கண்ணிவெடி அகற்றும் வேலையில் ஏராளமான பெண்கள் சேர்ந்தார்கள். அவர்களில் பலர் கணவனை இழந்தவர்கள், குடும்பத்தைத் தனியாகத் தாங்குகிறவர்கள். கொலைக்கருவி புதைந்த மண்ணில் மண்டியிட்டுச் செய்யும் வேலை அது. ஆனாலும் அவர்களுக்குப் பயிற்சி இருந்தது. முகக்கவசமும் மார்புக் கவசமும் இருந்தன. மாதச் சம்பளம் இருந்தது. எந்த ஆழம் வரை தேட வேண்டும் என்ற விதி இருந்தது. நிலத்தைச் சதுர மீட்டராகப் பிரித்து, முடித்த இடத்துக்கு அடையாளமிட்டு, சோதித்த பிறகே ஒப்படைக்கிறார்கள். இதை இலட்சியமாக்க வேண்டியதில்லை. போர் வைத்த ஆபத்தை, போர் விதவையாக்கிய பெண்களே அகற்ற நேர்ந்தது; நிதி நின்றால் சம்பளமும் நிற்கும். என்றாலும், ஆபத்தான மண்ணைத் தொடுகிறவருக்குக் கவசமும் ஆழத்துக்கு ஒரு விதியும் சாத்தியம்தான் என்பதற்கு அது சான்று. எண்ணூரில் கிடைத்தது மக்கு.

பெண்ணியம் பேசும் நாமும் ஓரிடத்தில் கவனமாக இருக்க வேண்டும். மீனவப் பெண்ணை ஏரியின் தாய் என்றும், இயற்கையோடு இரத்த உறவுள்ளவள் என்றும் எழுதுவது நமக்கு எளிது. அந்தப் புகழ்ச்சியில் ஒரு பொறி இருக்கிறது. தாய் என்றால் கூலி கேட்கமாட்டாள். காப்பவள் என்றால் கெடுத்தவன் போன பிறகு அவளே துடைக்க வேண்டும். ஏரி அவளுக்கு வேலை செய்யும் இடம். தொழிற்சாலைத் தொழிலாளிக்குப் பணியிடப் பாதுகாப்பு எப்படி உரிமையோ, அப்படித்தான் இவளுக்கும்.

ஆகவே கேட்க வேண்டியவை கவித்துவமானவை அல்ல. இழப்பைக் கணக்கெடுக்கும்போது படகோடு கூடையும், வலையோடு வெறுங்கையும் தனி வரிசையில் வர வேண்டும். பட்டியலை மீன்வளத்துறையும் ஊர்ப் பஞ்சாயத்தும் மட்டும் முடித்துவிடாமல், மகளிர் சங்கங்களும் இருளர் குடியிருப்புகளும் பார்த்துத் திருத்திய பிறகே வெளியிட வேண்டும். நீரின் மேற்பரப்போடு சேற்றின் அடியும் சோதிக்கப்பட வேண்டும், அதுவும் கெடு முடியும் நாளில் ஒருமுறை மட்டுமல்ல, பருவத்துக்குப் பருவம். முடிவுகள் அவர்கள் படிக்கக்கூடிய தமிழில் மீன் ஏலக்கூடத்தில் ஒட்டப்பட வேண்டும். எங்கே கைவிடலாம், எங்கே கூடாது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். கூடாத நாட்களுக்குக் கூலி தரப்பட வேண்டும். ஏரி சுத்தமாகிவிட்டது என்ற அறிவிப்பில், சேற்றில் வேலை செய்கிறவர்களின் கையெழுத்தும் இருக்க வேண்டும். அந்தக் கையெழுத்து விழும்வரை, தெளிந்த தண்ணீரின் படத்தைக் காட்டி யாரும் வேலை முடிந்தது என்று சொல்ல முடியாது.