சுருக்குப்பையில் ஒரு கடவுச்சொல்

குறியாக்க வல்லுநர் புரூஸ் ஷ்னையர் 1990களின் தொடக்கத்தில் எழுதிய ‘அப்ளைட் கிரிப்டோகிராபி’ உலகெங்கும் மென்பொருள் எழுதுவோரின் கைநூலாயிற்று. கணிதம் சரியாக அமைந்தால் இரகசியம் தப்பும் என்ற நம்பிக்கையில் எழுந்த நூல் அது. பிறகு ஆலோசகராக நிறுவனங்களின் உட்புறத்தைப் பார்த்தவர், 2000இல் ‘சீக்ரெட்ஸ் அண்ட் லைஸ்’ முன்னுரையிலேயே அந்த நம்பிக்கை பிழை என்று எழுதினார். கணிதம் உறுதியாக நிற்கும்போதே, அதைக் கையாளும் மனிதரிடத்தில் ஓட்டை விழுவதை அவர் கண்டுவிட்டார். தமக்குப் புகழ் தந்த நூலையே திருத்திய அந்த நேர்மைக்காக அவரை மதிக்கிறேன்.

கணினிப் பாதுகாப்புத் துறையில் அத்தகைய நேர்மை அரிது. வில்லியம் பர் 2003இல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்துக்காக எழுதிய கடவுச்சொல் விதிகள் உலகெங்கும் பரவின: குறியீடு சேர், அடிக்கடி மாற்று. 2017இல்தான் அவர் வருந்தினார். நிறுவனமும் விதியை மாற்றியது. இடைப்பட்ட 14 வருடமும் கடவுச்சொல்லை மறந்தவர் தலையிலேயே பழி விழுந்தது.

ஷ்னையர் 2005இல் வேறொன்று சொன்னார்: கடினமான கடவுச்சொல்லைத் தாளில் எழுதிப் பணப்பையில் வையுங்கள். எங்கோ இருந்து கணினிவழி திருடுபவனின் கை பைக்குள் எட்டாது. நல்ல யோசனை. இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்தெடுக்கும் பெண்களிடம் சுருக்குப்பை இருக்கிறதே, பொருந்தும் என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஆனால் அதே பையில்தான் ஏடிஎம் அட்டையும் இருக்கிறது. பை தொலைந்தால் அட்டையின் இரகசிய இலக்கமும் அட்டையும் சேர்ந்தே போகும். பகலெல்லாம் மலையில் நிற்பவர் டவுனுக்கு இறங்க முடியாது. பேரனோ பக்கத்துக் காம்பராப் பையனோ அட்டையோடு போகிறான். ‘இலக்கத்தை யாரிடமும் சொல்லாதே’ என்றால், அவருக்கு அது ‘உன் காசை எடுக்காதே’ என்பதுதான். ஷ்னையரின் அறிவுரைக்குப் பின்னால் தனக்கெனக் கைப்பேசியும் முகவரியும் உள்ள ஒருவர் நிற்கிறார். தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் பல குடும்பங்களில் கைப்பேசி எல்லாருக்கும் பொது. பல வீடுகளுக்குத் தனி முகவரி இல்லாததால் வங்கிக் கடிதமும் தோட்ட அலுவலகம் சுற்றி வருகிறது. அடையாள அட்டை இலக்கத்துக்குள்ளேயே பிறந்த வருடமும் நாளும் இருக்கின்றன. பெண்ணென்றால் நாளோடு 500 கூட்டியிருக்கும். அதன் போட்டோப் பிரதியைக் கேட்ட இடமெல்லாம் கொடுத்துவிட்டு வந்தவரிடம், பிறந்த திகதியைக் கேட்டு ஆளை உறுதிசெய்வதில் என்ன காவல் இருக்கிறது?

கவனக்குறைவு என்று இவர்களைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அரசே கவனமாக இருக்கவில்லையே: 2023இல் இலங்கை அரசின் மின்னஞ்சல் சேவையை, தரவைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்கியபோது மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான தரவு அழிந்தது. அந்த நாட்களுக்குக் காப்புப் பிரதியே இருக்கவில்லை.

மலையகத்துக்கென ஒருவர் பாதுகாப்பு நூல் எழுத வந்தால், முதல் அத்தியாயத்தைப் பேரனிலிருந்து தொடங்கட்டும்: அவன் கையில் எதைக் கொடுக்கலாம், எந்த இலக்கத்தைப் பாட்டி தன் விரலாலேயே அழுத்த வேண்டும், அவன் கொண்டுவரும் ஏடிஎம் துண்டில் மீதி எந்த வரியில் இருக்கிறது.