இரண்டாம் விருப்பத்தின் அரசியல்

அயர்லாந்தின் பசுமைக் கட்சி இரண்டு முறை ஆட்சியில் பங்கேற்றது. இரண்டு முறையும் அடுத்த தேர்தலில் துடைத்தெறியப்பட்டது. 2007இல் 6 இடங்களோடு உள்ளே போனது, 2011இல் ஒன்றுகூட மிஞ்சவில்லை. 2020இல் 12 இடங்கள். 2024 நவம்பரில் ஒன்றே ஒன்று. தோழர்களிடம் இதைச் சொன்னால் உடனே வரும் பதில்: 'அதிகாரத்துக்குப் போனா இப்படித்தான். தலைமை வித்துடும்.' இந்தப் பதில் எனக்குப் போதவில்லை. கூட்டணிக்கு உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதிக்க வேண்டும் என்பது அக்கட்சியின் விதி. 2020இல் வாக்களித்தவர்களில் 76 சதவீதம் பேர் சம்மதித்தார்கள். துரோகம் என்று சொல்லிவிட்டால் அப்புறம் யோசிக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

1981இல் கிறிஸ்டோபர் ஃபெட்டஸ் என்ற பள்ளி ஆசிரியரின் முன்முயற்சியில் சூழலியல் கட்சியாகத் தொடங்கியது அது. 2001 வரை தலைவர் என்று ஒருவரே கிடையாது. இந்த மாதிரி ஒரு கட்சி எப்படி நாடாளுமன்றத்துக்குள் வந்தது? விடை அங்குள்ள தேர்தல் முறையில் இருக்கிறது. வாக்காளர் ஒருவருக்கு மட்டும் முத்திரை குத்துவதில்லை. 1, 2, 3 என்று வரிசை எழுதுகிறார். கடைசியில் நிற்பவரின் வாக்குகளும் வென்றவருக்குத் தேவைக்கு மேல் விழுந்த வாக்குகளும் அடுத்த விருப்பத்துக்கு மாறுகின்றன. சின்னக் கட்சிகள் பிழைப்பது பெரும்பாலும் இப்படி மாறி வரும் வாக்குகளால்தான். அதற்கு யாருக்கும் பகையாக இருக்கக் கூடாது. இயற்கைக்கு யார் பகை? 'இடதுமல்ல, வலதுமல்ல' என்கிற பசுமைச் சொல்லாடல் இந்தக் கணக்கோடு கச்சிதமாகப் பொருந்திப் போகிறது.

ஆட்சியோ முதல் விருப்பத்தைக் கேட்கிறது. ஃபியானா ஃபால் கட்சியோடு தன் தலைமையில் ஆட்சிக்குப் போகமாட்டேன் என்று சொல்லியிருந்த ட்ரெவர் சார்ஜென்ட், 2007இல் தலைமையை விட்டு விலகி, அதே ஆட்சியில் இணை அமைச்சரானார். பண்டை அரசர்களின் இடமான தாரா மலைச் சமவெளியை ஊடறுத்து எம்3 நெடுஞ்சாலை வந்தது. முந்தைய அமைச்சர் பதவி விலகும் தறுவாயில் கையெழுத்திட்ட உத்தரவை மாற்றச் சட்டத்தில் இடமில்லை என்றார் பசுமைக் கட்சியின் சுற்றுச்சூழல் அமைச்சர் ஜான் கோர்ம்லி. 2010இல் சாலை திறக்கப்பட்டது. 2008இல் வங்கிகளின் கடனுக்கு அரசு உத்தரவாதம் தந்தபோது கேள்வி இன்னும் அப்பட்டமானது: இழப்பை யார் சுமப்பது? இதில் 'இடதுமல்ல, வலதுமல்ல' என்று ஒதுங்க இடமே கிடையாது. பசுமைக் கட்சி உத்தரவாதத்தின் பக்கம் நின்றது. 2011இல் அதன் முதல் விருப்ப வாக்கு 2 சதவீதத்துக்கும் கீழே போனது.

சரி, ஆட்சிக்குப் போனதால் ஒன்றுமே நடக்கவில்லையா? நடந்தது. 2018இன் அளவிலிருந்து 2030க்குள் வெளியேற்றத்தை 51 சதவீதம் குறைக்க வேண்டும் என்கிற 2021ஆம் ஆண்டுச் சட்டம் லேசுப்பட்டதல்ல. 2022இல் பொதுப் போக்குவரத்துக் கட்டணம் 20 சதவீதம் குறைந்தது. ஆனால் பேருந்தே வராத கிராமத்துக்குக் கட்டணக் குறைப்பு எதற்கு? அங்கே சூழலியல் வந்து சேர்ந்தது எரிபொருள் விலையாக, கார்பன் வரியாக. சதுப்புநிலக் கரியை எரித்துக் குளிர்காயும் குடும்பத்துக்கு அது கரியைக் கடைகளில் விற்பதற்கான தடையாக வந்தது.

இதை மக்களின் அறியாமை என்று சொல்லிவிட முடியாது. யாருடைய செலவில் பூமியைக் காப்பது என்ற கேள்வியை ஆட்சிக்கு வெளியே இருந்தபோதே கேட்டு, அதற்கான பகைகளையும் அப்போதே தேடிக்கொண்டிருக்க வேண்டும். அப்படிச் செய்திருந்தால் இடங்கள் குறைந்திருக்கும். கிடைத்த வாக்குகளாவது முதல் விருப்பமாக இருந்திருக்கும். இரண்டாம் விருப்பமாக வந்தவர்கள் முதல் நெருக்கடியிலேயே போய்விடுகிறார்கள்.